'ஹி'யும் 'ஷி'யும் என்னைப் படுத்திய பாடு

ஸ்போக்கன் இங்கிலீஷ் டீச்சர் என்பவர் பகல் முழுக்க அடுத்தவர்களுடைய தப்பைத் திருத்திவிட்டு, சாயங்காலம் தன்னுடைய தப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொழிலில் இல்லாதவர்களும் வீட்டில் பிள்ளைக்கு ஒரு தடவையாவது இங்கிலீஷ் ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்து மூக்குடைபட்டிருப்பீர்கள். அப்படியானால் நீங்களும் நம் கட்சிதான். உள்ளே வந்து உட்காருங்கள்.

தில்லி மயூர் விஹாரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் என் வகுப்பு. ஒரு வெள்ளைப் பலகை, இருபது பிளாஸ்டிக் நாற்காலி, சத்தத்தை மட்டும் தாராளமாகத் தருகிற ஒரு ஃபேன். பன்னிரண்டு வருஷமாக நடத்துகிறேன். முதல் நாள் முதல் பாடம் எப்போதும் ப்ரொனவுன். பள்ளிக்கூடத்தில் பிரதிப்பெயர்ச்சொல் என்று படித்தோமே, அதேதான். ஐ, யூ, ஹி, ஷி, இட், வீ, தே. ஏழே ஏழு வார்த்தை, எல்லாம் பொடி வார்த்தை. மாணவர்கள் ஒரு மணி நேரத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான்தான் இன்னும் அங்கேயே நிற்கிறேன்.

ஆண்பால் மனைவி

குல்ஷன்ஜி பஞ்சாபி. வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிற தொழில். ஐம்பத்தைந்து வயதில் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வந்ததற்குக் காரணம், மகளுக்கு கனடாவிலிருந்து ஒரு வரன். மாப்பிள்ளை வீட்டார் வீடியோ காலில் இங்கிலீஷில்தான் பேசுவார்களாம். மனிதர் நன்றாகத்தான் பேசினார். ஒரே ஒரு குறை. ஹிந்தியில் அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் ஒரே 'வோ'. அந்தப் பழக்கத்தில், உலகத்தில் உள்ள அத்தனை பேரும் அவர் வாயில் 'ஹி' ஆகிவிடுவார்கள். "மை ஒய்ஃப், ஹி இஸ் வெரி ஸ்ட்ரிக்ட்" என்பார். "மை டாட்டர், ஹி இஸ் டாக்டர்" என்பார். முதல் வீடியோ காலில் இப்படியே பத்து நிமிஷம் பேசியிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா கல்யாணப் புரோக்கரைக் கூப்பிட்டு, "அவருக்கு இருப்பது மகளா மகனா, ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது காலுக்குப் பத்து நாள் இருந்தது. அவரை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, மனைவியின் போட்டோவைக் கையில் கொடுத்து, 'ஷி' 'ஷி' என்று ஓதவைத்தேன். 'ஹி' என்று வாய் தவறினால் முதலிலிருந்து. ஒன்பதாம் நாள் ஒரு தப்பும் இல்லாமல் ஐந்து நிமிஷம் பேசினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்கு நன்றாகப் புரியட்டும் என்று ஹிந்தியிலேயே ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன்: ஆண் யார், பெண் யார் என்று தெளிவாகச் சொல்வதுதான் மொழிக்கு அடிப்படை, இதை நீங்கள் வந்த நாளிலிருந்து சொல்கிறேன்.

'சொல்கிறேன்' என்பதை ஹிந்தியில் ஆண் சொன்னால் 'போல்தா ஹூம்', பெண் சொன்னால் 'போல்தீ ஹூம்'. நான் தில்லிக்கு வந்த நாளிலிருந்து, கடைக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும், 'போல்தா, ஜாதா, காதா' என்று கம்பீரமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குல்ஷன்ஜி மனைவியின் போட்டோவைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, மிக மரியாதையாகச் சொன்னார்: "மேடம்ஜி, நான் என் பெண்டாட்டியைத்தான் ஆம்பளையாக்கினேன். நீங்க மூணு மாசமா உங்களையே ஆம்பளையாக்கிட்டு இருக்கீங்க, அதை யார் திருத்தறது?"

பாத்ரூமில் எத்தனை பேர்?

செல்வி சின்னசேலம் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்தவள். ரயில் பாதை ஓரக் குடிசைப் பகுதியில் வீடு, எங்கள் குடியிருப்பில் நாலு வீட்டில் சமையல். அவளுக்குத் தெற்கு தில்லியில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி வீட்டில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. ஒரே வீடு, ஞாயிறு லீவு. ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். அந்த ஒரு வாரத்துக்குத் தாங்குகிற மாதிரி இங்கிலீஷ் வேண்டும் என்று மத்தியான நேரத்தில் என்னிடம் வந்தாள். எல்லாவற்றையும் கிடுகிடுவென்று பிடித்துக்கொண்டவள் 'ஹி'யில் மட்டும் மாட்டுவண்டி மாதிரி நின்றுவிட்டாள். "சம்பளம் குடுக்கற மனுசனப் போயி 'அவன்'னு சொல்லச் சொல்றியேக்கா, நல்லாவா இருக்கு?" என்றாள்.

'ஹி' என்றால் அவனும்தான், அவரும்தான் என்றேன். "ரெண்டும் ஒண்ணுன்னா மருவாதி எங்க இருக்கு?" என்றாள். இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். படித்ததைக் காட்டிக்கொள்கிற சபலம் யாரை விட்டது? 'அவர்' என்பது உண்மையில் பன்மை, மரியாதைக்காக ஒருவருக்கும் சொல்கிறோம், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் இங்கிலீஷில் பன்மை 'தே' என்று விளக்கினேன். செல்வி தலையை ஆட்டிக்கொண்டாள். நான் ஒரு தகவல் சொன்னதாக நினைத்தேன். அவள் ஒரு தீர்வு கிடைத்ததாக எடுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் அந்த வீட்டு அம்மா வெளியிலிருந்து போன் செய்து, கணவர் எங்கே என்று கேட்டிருக்கிறார். "தே ஆர் இன் பாத்ரூம், மேடம்" என்றிருக்கிறாள் செல்வி. பாத்ரூமில் எத்தனை பேர் என்று அந்த அம்மா கேட்டாராம். "ஒன்லி தே, மேடம்." அரை மணியில் அந்த அம்மா வீடு வந்து சேர்ந்துவிட்டார். கணவர் மட்டும் தலை துவட்டிக்கொண்டு தனியாக வெளியே வந்தார். அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு போன் வந்தது. செல்வி சிபாரிசுக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். தமிழில் மரியாதைப் பன்மை என்று ஒன்று உண்டு என்று அந்த அம்மாவுக்கு வியர்க்க வியர்க்க இருபது நிமிஷம் பாடம் நடத்தினேன். அவர் சிரித்த சிரிப்பில், வேலை போகவில்லை என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை செல்வி ஒரு டப்பா நிறைய பாதாம் பிஸ்கட்டோடு வந்து வேலை நிலைத்துவிட்டது என்றாள். 'ஹி' விவகாரம் என்னவாயிற்று என்று பயந்துகொண்டே கேட்டேன். "அந்தம்மாவே இனிமே 'ஹி'ன்னு சொல்லுன்னுட்டாங்கக்கா. கட்டுன பொண்டாட்டியே அவன்னு சொல்லச் சொல்லும்போது நமக்கென்ன, சொல்லிட்டுப் போறேன்."

குடித்திருந்தது யார்?

எங்கள் குடியிருப்பின் செகரெட்டரி ராமநாதன் சார். ரிட்டயர் ஆனவர். காபியைக்கூட அரை டம்ளருக்கு மேல் தொடாதவர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகிய விவகாரத்தில் ஒரு நோட்டீஸ் எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார். இங்கிலீஷ் டீச்சர் குடியிருக்கிற இடத்தில் வேறு யாரைக் கேட்பார்கள்? எழுதினேன். அதன் இரண்டாவது பத்தி இப்படி: 'செகரெட்டரி பம்ப் அறை அருகே பிளம்பரைச் சந்தித்தார். ஹி வாஸ் டிரங்க்.' அந்த ஹி குடித்திருந்ததோடு நிற்கவில்லை; தொட்டியைப் பார்த்துக் கண்டபடி திட்டியதாகவும் எழுதியிருந்தேன். தமிழில் எழுதியிருந்தால் செகரெட்டரிக்கு ஓர் 'அவர்', பிளம்பருக்கு ஓர் 'அவன்' என்று நம்முடைய அநியாயமே என்னைக் காப்பாற்றியிருக்கும். இங்கிலீஷில் இரண்டு பேருக்கும் ஒரே ஹி.

நோட்டீஸ் ஆறு லிஃப்டிலும் ஒட்டப்பட்டது. மறுநாள் காலை ராமநாதன் சார் பால் வாங்கப் போனபோது மூன்று பேர் நலம் விசாரித்தார்களாம். அடுத்த ஞாயிறு கூட்டம் கூடியது. முதல் விஷயமே என் 'ஹி'தான். பிளம்பர் என்கிற சொல்தான் பக்கத்தில் இருக்கிறது, அதனால் குடித்தது பிளம்பர் என்றார் சி பிளாக்கில் இருக்கிற ஒரு ரிட்டயர்ட் கர்னல். அப்போது ஏ பிளாக் அம்மா ஒருவர் எழுந்து, தன் மகள் வகுப்பில் கொடுத்தது என்று ஒரு தாளைப் படித்தார்: 'ஹி என்று வந்தால் அது முந்தைய வாக்கியத்தின் எழுவாயைக் குறிக்கும்.' எழுவாய், செகரெட்டரி. தாளின் அடியில் என் வகுப்பின் பெயர்.

ராமநாதன் சார் முகம் சிவந்துவிட்டது. இலக்கணம் எக்கேடும் கெடட்டும், சாட்சியே இருக்கிறான், கூப்பிடுங்கள் என்றார். கீழே குழாய் மாற்றிக்கொண்டிருந்த பிளம்பர் ராஜுவை அழைத்து வந்தார்கள். பிஹார்க்காரர், பாவம், கையில் ஸ்பானரோடு நின்றார். அன்றைக்கு பம்ப் அறையில் இருந்தது நீங்கள் இரண்டு பேர்தானே என்று கர்னல் கேட்டார். ஆமாம் என்றார். ஒருவர் குடித்திருந்தார் என்று எழுதியிருக்கிறது, சரிதானா என்று கேட்டார். ராஜு எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஸ்பானரை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளைங்க மேல சத்தியம் சாப், அன்னிக்கு நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலை."

நாமா, நாங்களா?

நொய்டாவில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிரவீன், கோயம்புத்தூர்க்காரர். கல்யாணமாகி ஆறு மாதம். என்னிடம் சனிக்கிழமைகளில் வந்து ஆபீஸ் இங்கிலீஷ் படித்தார். பொங்கலை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, ஒரு வேலையை முடிக்க எல்லாரும் ஆபீஸுக்கு வரலாமா என்று அவருடைய டீம் குரூப்பில் பேச்சு வந்தது. தன்னால் முடியாது என்று நாசூக்காகச் சொல்ல ஒரு வரி எழுதி, அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார். 'வீ ஆர் ஹேவிங் பொங்கல் லஞ்ச் அட் மை ஹோம் திஸ் சண்டே.' இலக்கணம் சுத்தம். ஸ்பெல்லிங் சுத்தம். பிரமாதம் என்று பதில் போட்டேன். கட்டைவிரல் படம் வேறு இரண்டு.

தமிழில் நாங்கள் வேறு, நாம் வேறு. 'நாங்கள் சாப்பிடுகிறோம்' என்றால் கேட்பவருக்கு இலை கிடையாது. 'நாம் சாப்பிடுகிறோம்' என்றால் உண்டு. இங்கிலீஷ்காரர்களுக்கு இரண்டுக்கும் ஒரே 'வீ'. பிரவீன் நாங்கள் என்று நினைத்து அனுப்பினார், டீம் நாம் என்று படித்தது. ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்கு, ஒன்பதாம் மாடியில் அவர் வீட்டு வாசலில் பதினான்கு பேர், கையில் ஸ்வீட் டப்பாக்கள், ஒரு பூந்தொட்டி, மேலதிகாரியும் அவர் மாமியாரும். உள்ளே பிரவீனின் மனைவி திவ்யா நாலு பேருக்குப் பொங்கல் வைத்திருந்தார்.

பிரவீன் எனக்குத்தான் போன் செய்தார். குற்றம் செய்தவளுக்கு அந்த நேரத்தில் செய்ய முடிந்தது ஒன்றுதான். எங்கள் வீட்டில் இறக்கிவைத்திருந்த பொங்கலைக் குக்கரோடு பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன். பை ஸ்கேனருக்குள் போனதும் பெல்ட்டை நிறுத்திவிட்டார்கள். குக்கரைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தேன். நெய் வாசனையில் பின்னால் நின்ற வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. விளக்கம் கேட்ட காவலரிடம் 'வீ' பற்றி எப்படிச் சொல்வது? பிரசாதம் என்று பொய் சொல்லித் தப்பித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு ஸ்பூன் பொங்கலைப் பதினைந்து நிமிஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திவ்யா வாசலிலேயே குக்கரை வாங்கிக்கொண்டார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருந்தார். "'நாங்க'ளுக்கு வச்ச பொங்கல் 'நாம'ளுக்கு எப்படிங் மேடம் பத்தும்?"

எட்டு வகை

குருகிராமில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். பெரிய கம்பெனி, புடவைக்கு மேலே ஒரு கோட்டுப் போட்டுக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தேன். திரையில் நாற்பது முகம். நிகழ்ச்சியை நடத்திய பெண் இனிமையாக வரவேற்று, "மேடம், உங்கள் பெயரும் உங்கள் ப்ரொனவுன்களும் சொல்லிவிட்டுத் தொடங்கலாமா?" என்றார். இவ்வளவு சீக்கிரம் பாடத்துக்கு வந்துவிட்டார்களே என்று எனக்கு ஒரே குஷி. பெயரைச் சொன்னேன். "ப்ரொனவுன் மொத்தம் எட்டு வகை" என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணம், விதிவிலக்கு, ஞாபகம் வைக்க ஒரு குறுக்குவழி என்று பதினொரு நிமிஷம் பேசினேன். யாரும் குறுக்கிடவில்லை. நாற்பது பேரும் அசையாமல் பார்த்தார்கள். என் வாழ்நாளில் இத்தனை கவனமான வகுப்பு அமைந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர், பெயருக்குப் பக்கத்தில் 'ஷி, ஹெர்' என்றோ 'ஹி, ஹிம்' என்றோ, ஒருவருக்கு 'தே, தெம்' என்றும் எழுதியிருந்தது. தன்னை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று அவரவர் சொல்லிக்கொள்கிற மரியாதை அது. என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் காலியாக இருந்தது. அந்தப் பெண் அத்தனை நாசூக்கு. சிரிக்கவே இல்லை. "ரொம்ப நன்றி மேடம். உங்களுக்கு எட்டில் எது என்று மட்டும் சொன்னால் நான் போட்டுக்கொள்கிறேன்."

ஒரே 'யூ'

மெட்ரோ ஸ்டேஷன் அருகே இட்லி தோசை வண்டி வைத்திருக்கும் தங்கராசுவும் அவர் மனைவி லதாவும் மதுரைக்காரர்கள். ஆபீஸ் போகிறவர்கள் இங்கிலீஷில் ஆர்டர் சொல்வதால் இரண்டு பேரும் சாயங்கால வகுப்பில் சேர்ந்தார்கள். இரண்டே மாதத்தில் லதா எங்கேயோ போய்விட்டார். தங்கராசு அங்கேயே இருந்தார். ஒருநாள் அவர் வந்து, வீட்டில் லதா இப்போதெல்லாம் இங்கிலீஷ்தான் பேசுகிறாள் என்றார். குரலில் கொஞ்சம் களைப்பு இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. வீட்டுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று, மறுநாளே லதாவை வகுப்புக்கு முன்னால் கூப்பிட்டேன். இவரைப் பாருங்கள், இதுதான் ஆர்வம், எல்லாரும் வீட்டில் இப்படிப் பேச வேண்டும் என்று கைதட்டவைத்தேன். எப்படி ஆரம்பித்தாய், எந்தச் சமயத்தில் பேசுவாய் என்று கேட்டேன்.

லதா முந்தானையைச் செருகிக்கொண்டு தயக்கமே இல்லாமல் சொன்னதைக் கேட்டு, அடுத்த வாரத்துக்குள் வகுப்பிலிருந்து இரண்டு கணவர்கள் நின்றுவிட்டார்கள். ஐந்து மனைவிமார் புதிதாகச் சேர்ந்தார்கள். தங்கராசு மட்டும் வழக்கம்போல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, முன்னைவிட அக்கறையாகக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார். அன்றைக்கு லதா சொன்னது இதுதான்: "தமிழ்ல சண்டை போட்டா இவுரு 'ஏய் நீ'ம்பாரு, நான் 'நீங்க, வாங்க'ன்னு மரியாதையா திட்டணும் டீச்சர். இங்கிலீஷ்ல ரெண்டு பேத்துக்கும் ஒரே 'யூ'தான, சமமா எறங்கிரலாம்ல?"

கீழே கையொப்பமிட்டவர்

கோபாலன் சார் கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தார். ஓர் அமைச்சக அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் கோப்பு எழுதியவர். ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கும்போது என்னைத் தேடி வந்தார். பிரிவு உபசார விழாவில் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும். எழுதியதைத் திருத்திப் பேசப் பழக்கினால் போதும். தாளை வாங்கிப் பார்த்தேன். 'கீழே கையொப்பமிட்டவர் இத்துறையில் எழுத்தராகச் சேர்ந்தார்' என்று இங்கிலீஷில் ஆரம்பித்திருந்தது. 'கீழே கையொப்பமிட்டவர் பல பிரிவுகளில் பணிபுரிந்தார்.' கடைசிப் பத்தி: 'கீழே கையொப்பமிட்டவரின் மனைவி நல்கிய ஒத்துழைப்பு இதன்மூலம் பதிவு செய்யப்படுகிறது.' நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நாலு பக்கத்தில் ஓர் 'ஐ'கூட இல்லையே சார் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சேர்ந்த புதிதில் ஒரு கோப்பில் 'ஐ திங்க்' என்று எழுதினாராம். மேலதிகாரி ஓரத்தில் சிவப்பு மையில், நினைக்க நீ யார் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அறையில் இருந்த எல்லாரும் அதைப் படித்தார்கள். "அதுக்கப்புறம் நான் அந்த எழுத்தைத் தொடலை" என்றார், யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிற மாதிரி. இங்கே நான் சிரித்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், பலகையில் பெரிதாக ஓர் 'ஐ' எழுதினேன்.

நாலு வாரம். ஐ ஜாயின்ட், ஐ லேர்ன்ட், ஐ ஒர்க்ட். ஒவ்வொரு 'ஐ'க்கும் அவருக்கு நெற்றி வியர்க்கும். அனுமதி இல்லாமல் ஓர் அறைக்குள் நுழைகிற மாதிரி, மெல்லச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வார்த்தை. முடிவில் நாற்பது 'ஐ' வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஓர் அழகான பேச்சு தயாரானது. விழாவுக்கு என்னையும் அழைத்தார். என் வேலைப்பாட்டைக் கேட்கிற ஆசையில் முதல் ஆளாகப் போய், அவர் மனைவி சரோஜா மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமிக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது.

சால்வை போட்டார்கள், சமோசா வந்தது, கோபாலன் சார் எழுந்தார். தாளைப் பிரித்தார். "ஐ" என்றார். நின்றுவிட்டார். மறந்துவிட்டாரே என்று நான் அடுத்த வார்த்தையை உதட்டசைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஐ வாஸ் ஹியர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஐ டிட் மை ஒர்க்." அப்புறம் மாமி இருக்கும் பக்கம் திரும்பி, "ஐ தேங்க் மை ஒய்ஃப்." உட்கார்ந்துவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அறையில் எழுந்த கைதட்டல் நிற்க நேரமானது. எனக்கு, பழக்கிய நாற்பது 'ஐ'யில் முப்பத்தேழு வீணானதே என்று ஒரு பக்கம். அந்த மூன்றையும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாரே என்று மறுபக்கம். சமோசாத் தட்டைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாமி என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல், தீர விசாரித்துக்கொள்கிற குரலில் கேட்டார்: "ஏன்டிம்மா, 'மை ஒய்ஃப்'னாரே, அது என்னைத்தானே? வேற அர்த்தம் ஒண்ணும் இல்லையே?"

பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கக் கூடாது என்றுதான் இந்தப் பொடி வார்த்தைகளைக் கண்டுபிடித்தார்களாம். அந்தப் புண்ணியத்தில் இதுவரை எனக்கு வாயைத் தவிர மற்றதெல்லாம் வலித்துவிட்டது.